மேற்கு வானம் பார்த்த பயணிகள்

எங்கள் பொதட்டூர்பேட்டையிலிருந்து கடலைக் காண வேண்டுமானால் திருத்தணி சென்று, அங்கிருந்து திருவள்ளூரைக் கடந்து சென்னைக்கோ பழவேற்காட்டிற்கோ போயாக வேண்டும். குன்றுகளும் வயல்களும் சூழ்ந்த நெசவு ஊர் இது. அலையோசை அறியாமல் தறியோசையிலேயே வளர்ந்த மக்கள் நாங்கள். எனினும் தறிக்கும் கடலுக்கும் உள்ள உறவு மிக நெடியது. மலாய் மக்கள் விரும்பி உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு அவர்கள் மொழியில் 'காயின் பெலிக்காட்' என்று பெயர். 'காயின்' என்றால் துணி. 'பெலிக்காட்' என்பது வேறொன்றுமன்று. எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடுதான். டச்சுக்காரர்கள் 1613-இல் அங்கே கெல்டிரியாக் கோட்டையைக் கட்டினர். உள்நாட்டுத் தறிகளில் நெய்த துணிகளைக் கப்பலேற்றிக் கிழக்குத் தீவுகளுக்குக் கொண்டு சென்று, நறுமணச் சரக்குகளுக்கு மாற்றினர். துணி போய்ச் சேர்ந்த நாட்டில் ஊரின் பெயரும் துணியோடு ஒட்டிக்கொண்டு நிலைத்துவிட்டது.

துணி சென்ற வழியே மனிதரும் சென்றனர். பொருள் தேடிக் கடல் கடந்து போகிறவரைச் 'சபுராளி' என்று நம் கடற்கரை ஊர்களில் அழைப்பார்கள். பயணத்தைக் குறிக்கும் 'சஃபர்' என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் ரங்கூனுக்கும் கப்பலேறிய சபுராளிகளைப் பற்றியும், பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குச் சென்ற ஹாஜிகளைப் பற்றியும் எத்தனையோ செய்திகள் உண்டு. அவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். நடுக்கடலில் பொழுது சாயும் நேரத்தில் அவர்கள் மேற்கு வானத்தில் கண்டது என்ன? அந்த வானம் இருண்டு காற்று எழுந்தபோது அவர்களுக்கு நேர்ந்தது என்ன?

இன்று உல்லாசக் கப்பல் நிறுவனங்கள் அச்சிடும் விளம்பரங்களில் செக்கர் வானமும் பொன்னிறக் கடலும் தவறாமல் இடம்பெறுகின்றன. அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அக்காலத்துத் தளப் பயணிக்கு அந்தி வானம் வெறும் காட்சியாக இருக்கவில்லை. அதுவே அவருடைய கடிகாரம், அதுவே திசைகாட்டி, அதுவே மறுநாளைய வானிலை அறிக்கை.

கடிகாரம் தோற்கும் இடம்

1926-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்ட 'ரஜூலா' என்னும் கப்பலின் பெயரைக் கேட்டாலே முகம் மலரும் முதியவர்கள் தமிழகத்திலும் மலேசியாவிலும் இன்னும் இருக்கிறார்கள். பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியார் அதனைச் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்ற தடத்தில் ஓட்டினர். உலகப் போர்க் காலத்தில் படைவீரர்களை ஏற்றிச் சென்றது. போர் முடிந்து மீண்டும் மக்களை ஏற்றியது. 1973-இல் இந்தியக் கப்பல் கழகத்திற்கு விற்கப்படும் வரையில் அதன் புகைப்போக்கியைக் காணாத நாகப்பட்டினத்தார் இருந்திருக்க மாட்டார்கள். புதிதாகக் கட்டப்பட்டபோது 5,000-க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிச் செல்ல அதற்கு உரிமம் இருந்ததாம்! தளப் பயணி என்றால் அறையும் கட்டிலும் இல்லாதவர். பாயும் தகரப் பெட்டியும் ஊறுகாய்ச் சாடியுமாக ஏறி, கிடைத்த இடத்தில் விரித்துக் கொண்டவர். அவருக்குத் தலைக்கு மேலே வானமும் காலடியில் கடலும் தாராளமாகவே கிடைத்தன.

அப்படிக் கிழக்கு நோக்கிப் போகிறவர் சென்னையில் தம் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டு ஏறினால், இரண்டாம் நாளே அது பொய் சொல்லத் தொடங்கிவிடும். பினாங்கு, சென்னைக்குக் கிழக்கே ஏறத்தாழ 20 பாகையில் இருக்கிறது. பூமி ஒரு பாகை திரும்புவதற்கு 4 நிமிடம் ஆகிறது. ஆகவே சென்னைக் கடிகாரப்படி பார்த்தால், பினாங்கில் கதிரவன் 80 நிமிடம் முன்னதாகவே உதித்து முன்னதாகவே மறைகிறது. நான்கைந்து நாள் கடற்பயணத்தில் இந்த 80 நிமிடத்தைப் பங்கிட்டால் நாள்தோறும் கால் மணி நேரம் அல்லது அதற்குச் சற்று மேல். ரமலானில் கப்பலேறியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஊர்ப் பள்ளிவாசலின் அட்டவணை அங்கே உதவாது; கடிகாரம் உதவாது; பாங்கோசைக்கு மினாராவும் இல்லை. மேற்கே பார்த்து நிற்பதைத் தவிர நோன்பு திறக்க வேறு வழி கிடையாது.

அந்தப் பார்வையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. உயரத்தில் நிற்பவருக்கு அடிவானம் சற்றுத் தாழ்ந்து தெரியும். கடல்மட்டத்திற்கு மேலே 20 மீட்டர் உயரமுள்ள தளத்தில் நிற்பவர், நீர்மட்டத்தருகே இருப்பவரைவிட அரை நிமிடம் கூடுதலாகக் கதிரவனைப் பார்ப்பார். ஒரே கப்பலில் கீழே இருப்பவருக்குப் பொழுது போய்விட்டது; மேலே நிற்பவருக்கு இன்னும் ஒரு கீற்று மிச்சம் இருக்கிறது! அதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. கதிரவனின் கீழ்விளிம்பு கடலைத் தொடுவதாக நம் கண்ணுக்குத் தோன்றுகிறதே, அந்த நொடியில் மெய்யாகவே அது ஏறத்தாழ முழுவதும் அடிவானத்திற்குக் கீழே இறங்கிவிட்டிருக்கும். பூமியைச் சூழ்ந்த காற்று ஒளியை வளைத்து, மறைந்த கோளத்தை மேலே தூக்கிக் காட்டுகிறது. அதன் பின்னரும் இரண்டு நிமிடத்திற்குச் சற்றுக் கூடுதலான நேரம் அந்தச் செம்பிம்பம் நமக்குக் காட்சி தருகிறது.

இனித் திசை. வங்கக் கடலில் செல்பவருக்குக் கிப்லா நேர்மேற்கு அன்று. மேற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 20 பாகை சாய்ந்தது. ஆனி மாதத்தில் கதிரவன் மறையும் இடமும் ஏறக்குறைய அதுவே. ஆகையால் அம்மாதத்தில் கதிரவன் மறைந்த திக்கையே நோக்கி மஃரிபுத் தொழலாம், பிசகு சிறிதே. மார்கழியிலோ கதிரவன் தெற்கே விலகிச் சென்று மறைகிறது. அப்போது இரண்டுக்கும் இடையே 40 பாகைக்கு மேல் வேறுபாடு வந்துவிடும். கடலோடிகள் இதை அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

பம்பாயிலிருந்து ஜித்தா செல்லும் ஹஜ்ஜுக் கப்பலில் இது இன்னும் சுவையானது. புறப்படும்போது மேற்கு நோக்கித் தொழுதவர், ஏடனைத் தாண்டிச் செங்கடலுக்குள் நுழைந்ததும் வடக்கு நோக்கித் திரும்ப வேண்டியிருக்கும். எலம்லம் எல்லைக்கு நேராகக் கப்பல் வருகிறது என்று அறிவிப்பு வந்து, ஹாஜிகள் குளித்து இஹ்ராம் உடுத்துவார்கள். பின்னர் ஜித்தாத் துறைமுகத்தில் இறங்கும்போது மக்கா மாநகரம் கிழக்கே இருக்கும். வாழ்நாளெல்லாம் மேற்கே பார்த்துத் தொழுத மனிதர், இறங்கிய முதல் நாள் மாலையில் மறையும் கதிரவனுக்கு முதுகு காட்டி நின்று மஃரிபுத் தொழுகிறார்! விமானத்தில் ஐந்தாறு மணி நேரத்தில் போய் இறங்குகிறவருக்கு இந்தத் திருப்பம் மனத்தில் படுவதேயில்லை.

சிவந்த வானம் நம்பத்தக்கதா?

மாலையில் வானம் சிவந்தால் மாலுமிக்கு மகிழ்ச்சி என்னும் பொருள்பட ஆங்கிலேயரிடம் ஒரு பழமொழி உண்டு. அவர்கள் நாட்டில் அது ஓரளவு மெய்யே. ஏனெனில் அங்கே மழையும் காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்து வருபவை. மேற்கு வானம் தெளிந்திருந்தால்தான் மறையும் கதிரவனின் செவ்வொளி தடையின்றி வந்து சேரும். ஆகவே வரப்போகும் நாளும் தெளிவாக இருக்கும் என்பது கணக்கு. இந்தப் பழமொழியை நம் பாடப் புத்தகங்களிலும் கேள்வியின்றி எடுத்து எழுதிவிடுகிறார்கள். வங்கக் கடலில் அது செல்லாது. இங்கே புயல்கள் பெரும்பாலும் கிழக்கிலும் தென்கிழக்கிலும் உருவாகி, மேற்காகவும் வடமேற்காகவும் நகர்கின்றன. மேற்கு வானம் எவ்வளவு அழகாகச் சிவந்தாலும், முதுகுப் பக்கம் கிளம்பி வருவதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

சொல்லப் போனால், வழக்கத்திற்கு மாறான செம்பு நிறத்தில் வானம் முழுவதும் தகதகக்கும் மாலையைப் பழைய மாலுமிகள் அஞ்சினர். உயரத்தில் இறகு போன்ற மெல்லிய மேகக் கீற்றுகள் ஒரே இடத்திலிருந்து விரிந்து வருவதுபோல் தோன்றும். அந்த இடமே புயலின் திக்கு. காற்றே இல்லாதபோதும் நீண்டு உருண்டு வரும் பேரலை கப்பலை ஆட்டும். புயல் வந்து சேர்வதற்கு ஒரு நாள், இரண்டு நாள் முன்பே அதன் அலை வந்து சேர்ந்துவிடுகிறது. கப்பல் தலைவரின் அறையிலுள்ள காற்றழுத்தமானியும் பேசத் தொடங்கும். நம் வெப்பக் கடல்களில் அழுத்தம் நாள்தோறும் காலை, இரவு 10 மணியளவில் ஏறி, 4 மணியளவில் இறங்குவது இயல்பு. இந்த ஏற்ற இறக்கம் கெட்டு, ஏற வேண்டிய நேரத்திலும் இறங்கிக்கொண்டே போனால் ஆபத்து நெருங்குகிறது என்று பொருள்.

நம் மக்கள் காற்றுக்கே பெயரிட்டு வைத்திருந்தவர்கள். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். கச்சானில் போய்க் கொண்டலில் திரும்புவது என்று பாய்மரக் காலத்தில் ஆண்டையே காற்றால் பிரித்து வாழ்ந்தனர். அரபு மாலுமிகள் பருவத்தை 'மவ்ஸிம்' என்றனர். ஐரோப்பியர் நாவில் 'மான்சூன்' ஆனதும் அச்சொல்லே. 'சைக்ளோன்' என்னும் சொல் பிறந்ததோ நம் கடலோரத்தில்தான். கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்பவர் கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி, வங்கக் கடலின் புயற்காற்று நேராக வீசுவதில்லை, சுழல்கிறது என்று கண்டார். பாம்பின் சுருளை நினைவூட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயரை உண்டாக்கி, 1848-இல் மாலுமிகளுக்காக எழுதிய நூலில் வழங்கினார். நம் பகுதியில் அச்சுழல் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. ஆகவே காற்றை நோக்கி முகம் காட்டி நின்றால் புயலின் மையம் வலக்கைப் பக்கம், சற்றுப் பின்தள்ளி இருக்கும். வானொலி இல்லாத நாளில் இந்த ஒரே விதி எத்தனையோ கப்பல்களை விலகிப் போக வைத்தது.

துறைமுகங்களில் 'புயல் கூண்டு ஏற்றினார்கள்' என்று செய்தியில் படிக்கிறோம். 1 முதல் 11 வரை எண்ணுள்ள அந்த எச்சரிக்கை ஏறினால் சென்னைத் துறைமுகத்தில் உள்ள கப்பல்களை ஆழ்கடலுக்குப் போகச் சொல்லிவிடுவது வழக்கம். புயல் வரும்போது கடலுக்கா போவார்கள் என்று இல்லத்தரசிகள் கேட்பதுண்டு. கப்பலுக்குப் பகை கடல் அன்று, கரை. அலையோடு ஏறி இறங்கும் கப்பல் பிழைக்கும். கரையில் மோதும் கப்பல் உடையும். 1966 நவம்பர்ப் புயலில் 'ஸ்டமாடிஸ்' என்னும் கப்பல் சென்னை மெரினாக் கரையில் தரைதட்டிக் கிடந்ததை அக்காலச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

இரண்டு கப்பல்கள்

நம் கடற்கரையில் புயலில் சிக்கியவர்களுள் உலகப் புகழ் பெற்றவர் இப்னு பதூதா. 1344-ஆம் ஆண்டு இலங்கையிலிருந்து, அரபுகள் மஅபர் என்று அழைத்த நம் சோழமண்டலக் கரைக்கு வந்துகொண்டிருந்தபோது காற்று கடுமையாயிற்று. கப்பல் தரைதட்டும் நிலைக்கு வந்தது. பாய்மரத்தை வெட்டிக் கடலில் தள்ளினர். மாலுமிகள் கட்டைகளைப் பிணைத்து ஒரு தெப்பம் கட்டினர். கரை கூப்பிடு தூரத்தில் இல்லை. அவர் தெப்பத்தில் இறங்க எழுந்தபோது உடன் வந்தவர்கள், எங்களை விட்டுவிட்டா போகிறீர்கள் என்று கேட்டனராம். அவர்களையும் ஒரு பெண்ணையும் தெப்பத்தில் ஏற்றினார். நீந்தத் தெரிந்த மற்றொரு பெண் தெப்பத்தின் கயிற்றைப் பற்றிக்கொண்டு நீந்தினாள். விலையுயர்ந்த பொருள்களையும் அவர்களோடு அனுப்பிவிட்டு அவர் கப்பலிலேயே தங்கினார். கப்பல் தலைவன் சுக்கானைப் பிடித்துக்கொண்டு தன் வழியே கரை சேர்ந்துவிட்டான்! மீதிப் பேருக்குத் தெப்பம் கட்டி முடிவதற்குள் இருட்டிவிட்டது. நீர் நிறைந்த கப்பலின் பின்தளத்தில் ஏறி விடியும்வரை உட்கார்ந்திருந்தார். காலையில் கரையோர இந்து மக்கள் படகில் வந்து அனைவரையும் மீட்டுச் சென்றனர். அப்போது மதுரையில் ஆண்ட சுல்தான் கியாசுத்தீன் அவருக்குச் சகலை முறை என்பதால் பின்னர் உபசாரத்திற்குக் குறைவில்லை. ஆனால் அந்த இரவில் உதவியவர்கள் பெயர் தெரியாத படகோட்டிகள்தாம்.

அதற்கு 500 ஆண்டுகளுக்கும் பின்னர், இரும்புக் கப்பல்களின் காலத்தில் நடந்ததைக் கேளுங்கள். 1880 ஜூலையில் 'ஜித்தா' என்ற பெயருடைய நீராவிக் கப்பல் சிங்கப்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் ஏறத்தாழ ஆயிரம் ஹாஜிகளை ஏற்றிக்கொண்டு ஜித்தாவுக்குப் புறப்பட்டது. அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். ஆகஸ்டு முதல் வாரத்தில், தென்மேற்குப் பருவக்காற்று உச்சத்தில் இருந்தபோது, அரபிக் கடலின் மேற்கோரத்தில் கொந்தளிப்பில் அகப்பட்டது. கொதிகலன்கள் இருப்பிடத்தை விட்டு அசைந்தன, இயந்திரம் நின்றது, உள்ளே நீர் ஏறியது. ஹாஜிகள் இரவும் பகலுமாக நீரை இறைத்துக் கொட்டினர்.

ஆகஸ்டு 8-ஆம் நாள் விடியலுக்கு முன் கப்பல் தலைவரும் அவர் மனைவியும் முதல் துணை அதிகாரியும் தலைமை இயந்திரப் பொறுப்பாளரும் ஒரு படகை இறக்கி வெளியேறிவிட்டனர். வேறொரு கப்பல் அவர்களை ஏற்றி ஏடனில் இறக்கியது. ஜித்தா மூழ்கிவிட்டது, பயணிகள் எல்லாரும் மாண்டனர் என்று அவர்கள் அங்கே அறிவித்தனர். அந்தச் செய்தி தந்தி வழியே உலகெங்கும் பரவியது.

மறுநாள், ஆகஸ்டு 11 அன்று, 'ஆன்டினர்' என்னும் கப்பல் ஏடன் துறைமுகத்திற்குள் நுழைந்தது. அதன் பின்னே கயிற்றால் கட்டி இழுக்கப்பட்டு ஜித்தாவும் வந்து நின்றது, ஹாஜிகளோடு! கைவிடப்பட்ட பின்னரும் அவர்கள் நீர் இறைப்பதை நிறுத்தவில்லை. அவர்கள் ஏற்றிய அபாயக் குறியைக் கண்டு ஆன்டினர் நெருங்கிவந்தது. அதன் அதிகாரி ஒருவர் ஜித்தாவில் ஏறி நின்று வழிநடத்தினார்.

ஏடனில் நடந்த விசாரணையில் கப்பல் தலைவரின் சான்றிதழ் மூன்றாண்டுகளுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. ஆயிரம் உயிருக்கு மூன்றாண்டு! பயணிகள் தம்மைக் கொல்ல முயன்றதாக அதிகாரிகள் சொல்லிப் பார்த்தனர். விசாரணை மன்றம் அதை ஒரு காரணமாக ஏற்கவில்லை. பின்னாளில் ஜோசப் கான்ராட் என்ற ஆங்கில நாவலாசிரியர் இந்நிகழ்ச்சியை அடிப்படையாக வைத்து 1900-இல் 'லார்ட் ஜிம்' என்ற புதினத்தை வெளியிட்டார். அது இலக்கிய மாணவர்களின் பாடமாக இன்றும் இருக்கிறது. ஓடிப்போன அதிகாரியின் மனப் போராட்டத்தைப் பக்கம் பக்கமாக அலசுகிற அந்நூலைப் போற்றுவோர் பலர். நீர் இறைத்த கைகளைப் பற்றி ஒரு நல்ல நாவல் இன்னும் எழுதப்படவில்லை என்பதே என் குறை. தமிழில் யாரேனும் எழுதலாம்.

பம்பாய்க் கப்பல்கள் எல்லாம் இப்படித் தத்தளிக்கவில்லை. மொகல் லைன் நிறுவனத்தின் கப்பல்கள் தலைமுறை தலைமுறையாக ஹாஜிகளைச் சுமந்தன. எங்கள் பக்கத்து ஹாஜிகள் அரக்கோணத்தில் பம்பாய் ரயிலேறி, அங்கிருந்து 2,300 கடல் மைல் தொலைவைக் கப்பலில் கடந்தனர். ஹிஜ்ரி ஆண்டு பருவங்களைச் சுற்றி வருவதால், ஒரு தலைமுறைக்கு அமைதியான கடலும் அடுத்த தலைமுறைக்குக் கச்சான் காற்றும் வாய்த்தன. 1995-ஆம் ஆண்டோடு இந்தியாவிலிருந்து கடல்வழி ஹஜ்ஜுப் பயணம் நின்றுபோயிற்று. மலேயாத் தடத்தில் ரஜூலாவுக்குப் பின் வந்த 'சிதம்பரம்' கப்பல், 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்து உயிர்ச்சேதம் நேர்ந்ததையடுத்து ஓய்வு பெற்றது.

இப்போது கடல் மீண்டும் திறந்திருக்கிறது, வேறு வகையில். 2022 ஜூனில் சென்னையிலிருந்து உல்லாசக் கப்பல் புறப்பட்டது. அடுத்த ஆண்டு அது இலங்கைத் துறைமுகங்களுக்கும் சென்றது. 2023 அக்டோபர் 14-இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விடப்பட்டது. ஒரு வாரம்கூட நிறைவாக ஓடவில்லை. வடகிழக்குப் பருவமழையை முன்னிட்டு நிறுத்தப்பட்டு, 2024 ஆகஸ்டில்தான் வேறொரு கப்பலுடன் மீண்டும் தொடங்கியது. செயற்கைக்கோள் உண்டு, நிலைநிறுத்தும் துடுப்புகள் உண்டு. ஆனாலும் ஐப்பசிக் கடல் ஐப்பசிக் கடல்தான்.

குடும்பத்தோடு கப்பலேற எண்ணுகிறவர்களுக்கு இரண்டொரு செய்தி. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. அறையை அங்கே கேளுங்கள். தலைசுற்றல் வந்தால் அறைக்குள் முடங்காமல் மேலே வந்து அடிவானத்தைப் பார்த்தபடி நில்லுங்கள். கண்ணும் காதும் ஒரே ஆட்டத்தைச் சொன்னால் குமட்டல் அடங்கும். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. இஞ்சியும் உலர்ந்த ரொட்டியும் கைவசம் இருக்கட்டும். காற்று மிகுந்து நிற்க முடியாதபோது உட்கார்ந்து தொழ இடமுண்டு. பயணத்தை மாசி, பங்குனியில் வைத்துக்கொண்டால் நம் கிழக்குக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அந்நாள்களில் கதிரவன் கிப்லாவுக்கு இடப்புறமாகச் சற்று விலகி மறையும்.